செரெஸ் அம்மாவின் நெற்றி

அருள்நாயகிக்கு முழங்கால் நோகும் நாட்களில், அவளுடைய பங்குப் படிக்கட்டுகளையும் தவமலர் சொல்லாமலே துடைத்து வைத்துவிடுவாள். தொண்ணூறுகளில் இருவருக்கும் பழஞ்சிலைகள் வைத்திருக்கும் ரொறன்ரோ நூதனசாலை ஒன்றில் துப்புரவு வேலை.

அங்கே, தானியம் விளைவிக்கும் ரோமாபுரித் தெய்வமான செரெஸின் பளிங்குச் சிலை இருந்தது. "முந்தி அந்தச் சனம் அறுத்த முதல் கதிரை இவவுக்குத்தான் படைச்சதாம். இப்ப கும்பிட ஒருத்தருமில்லையாம்," என்று அருள்நாயகி ஒருநாள் சொன்னாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை தவமலர் சிலையின் நெற்றியில் குங்குமம் வைத்துவிட்டாள். பளிங்கில் சாயம் ஊறிப்போக, அவளுடைய வேலையும் போயிற்று. தான் அன்று வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாமே என்று அருள்நாயகி இன்றும் வருந்துகிறாள்.

"விசரி, கல்லுக்கு ஏனடி பொட்டு?" என்று, வேலை போன அன்று பஸ் தரிப்பிடத்தில் அவள் அழுதாள்.

"அழாதை, நாயகி. அந்த நெத்தியை அழுத்தித் துடைக்க வேண்டாமெண்டு மட்டும் சொல்லிவிடு. அவவுக்கு நோகும்," என்றாள் தவமலர்.