முகநூலை மூடிய எட்டு மாதங்கள்

கரமனையில் எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளியிருக்கும் மாமி, ஒரு நாள் என் மகளைத் தெருவில் நிறுத்தி, மேடையில் மறந்துபோவது எல்லாருக்கும் வருவதுதான் என்று ஆறுதல் சொல்லியிருக்கிறாள். மகளுக்கு அப்போது பதினாறு வயது. பள்ளி நடனப் போட்டியில் பாதியில் அடவு மறந்து, மேடையை விட்டு இறங்கி ஓடியதை அவள் என்னிடம் மட்டும்தான் சொல்லியிருந்தாள். நான் அதை முகநூலில் எழுதிவிட்டேன்.

நன்றாகத்தான் எழுதியிருந்தேன். நிறைய பேர் கண்ணீர் வந்ததாகச் சொன்னார்கள். மகள் பள்ளியில் மலையாளம் படிப்பவள். தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். அவளுக்குத் தெரியவராது என்று நினைத்திருந்தேன். அன்று வீட்டுக்கு வந்தவள் சத்தம் போடவில்லை.

"நான் அழுதுண்டிருக்கறச்சே, நீ மனசுக்குள்ளே எழுதிண்டிருந்தே, அல்லே?" என்று கேட்டாள்.

உண்மைதான். அவள் விசும்பிக்கொண்டிருந்தபோதே என் முதல் வரி தயாராகிவிட்டிருந்தது.

பதிவை நீக்கினேன். மன்னிப்புக் கேட்டேன். என் கடவுச்சொல்லை நீயே மாற்றி வைத்துக்கொள் என்று போனை அவளிடம் நீட்டினேன். "எனக்கு வேண்டாம். நீயே பண்ணு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். கணக்கை நானே முடக்கினேன்.

எட்டு நாவல் எழுதியவள்போல முகநூலில் பேசிக்கொண்டிருந்த எனக்கு, உண்மையில் இருந்தது முடியாத ஒரே நாவல். ஆரியசாலைக் கடைத்தெருவில் மிளகாய் வத்தல் மொத்தக் கடை நடத்தும் ஒரு விதவையின் கதை. மூன்று வருடமாக ஏழாவது அத்தியாயத்தில் நின்றுகொண்டிருந்தது.

முதல் இரண்டு வாரம் மோசமாக இருந்தது. அலுவலகத்துக்குப் போகும் பஸ்ஸில், எதைப் பார்த்தாலும் அது நாலு வரிப் பதிவாக மாறியது. போட இடமில்லாமல் தலைக்குள் கிடந்து உறுத்தியது. தினம் நூறு பேருடன் பேசியவளைக் காணோமே என்று விசாரித்தவர்கள் மொத்தம் மூன்று பேர். அது வலித்தது. வலி அடங்கியதும் ஒரு விடுதலையும் தெரிந்தது.

முன்பு பதிவுக்குப் படம் எடுக்க எப்போதாவது போன ஆரியசாலைக்கு, இப்போது சனிக்கிழமைதோறும் போக ஆரம்பித்தேன். அங்கே நாஞ்சில் நாட்டுக்காரர் ஒருவர் வத்தல் கடை வைத்திருந்தார். வாசலில் நின்று மூட்டைகள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது வாரம் அவரே கூப்பிட்டார்.

"முந்தி போட்டோ எடுக்க வருவீங்கல்லா? இப்பம் சும்மா நிக்கியளே. உள்ள வந்து இரிங்க."

இருந்தேன். அவருடைய அப்பா இறந்த பதினாறாம் நாள் அம்மா வந்து கடையைத் திறந்ததைச் சொன்னார். பெண்பிள்ளையிடம் விலை பேசமாட்டோம் என்று திரும்பிப் போன வியாபாரிகள், சரக்கு நல்ல சரக்கென்று ஒவ்வொருவராக அதே படி ஏறி வந்ததைச் சொன்னார். கேட்டு முடித்தபின், இதை எழுதலாமா என்று கேட்டேன். அப்படி ஒருவரிடம் அனுமதி கேட்டது என் வாழ்க்கையில் அதுதான் முதல் முறை.

"பேரை மாத்தி எழுதுங்க. அம்மைக்குப் பிடிக்கும்" என்றார்.

மறுநாள் காலை ஏழாவது அத்தியாயம் நகர்ந்தது. அதற்குப் பிறகு நிற்கவில்லை. அலுவலகம் போகுமுன் தினமும் ஒன்றரை மணி நேரம். ஒரு வரியைக்கூட யாரிடமும் காட்டவில்லை. நன்றாக இருக்கிறதா என்று சொல்ல யாரும் இல்லாததால், நானே திரும்பத் திரும்பப் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

மகள் அதுவரை தேவைக்கு மட்டும்தான் என்னிடம் பேசினாள். ஐந்தாம் மாதம் ஒரு ஞாயிறு, என்ன எழுதுகிறாய், வாசித்துக்காட்டு என்று வந்து உட்கார்ந்தாள். நாவலில் ஒரு பெண் தன் தாயை மன்னிக்கும் இடம் வந்தது. கையைக் காட்டி நிறுத்தினாள்.

"அவ இத்தனை சீக்கிரம் மன்னிக்கமாட்டா, அம்மா. இன்னும் கொஞ்ச நாள் ஆகும்."

அந்த அத்தியாயத்தைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதினேன். நாவலில் எனக்குக் கூச்சமில்லாத அத்தியாயம் அதுதான்.

எட்டாம் மாதக் கடைசியில், ஒரு விடுமுறை நாள் பகல் பதினொரு மணிக்குக் கடைசி வரியை எழுதினேன். எழுந்து உள்ளே போனேன். சமையலறையில் மகள் மாவு கரைத்துக்கொண்டிருந்தாள். முடிந்தது என்றேன். மாவுக் கையோடு வந்து கட்டிக்கொண்டாள். நாற்பத்தாறு வயதில் நான் குதித்தேன். கீழ்வீட்டுக்காரர்கள் என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்த்தார்கள்.

பதிப்பாளர் இரண்டே வாரத்தில் ஏற்றுக்கொண்டார். முகநூலில் ஓர் அறிவிப்புப் போட்டால் நல்லது என்றார். இப்போது நேரமில்லை என்று எழுதினேன். அது சாக்கு இல்லை. அடுத்த நாவலின் இரண்டாம் பக்கத்தில் இருந்தேன்.