பல்பீர் கௌருக்குத் தனி மேசை வேண்டாம்

பல்பீர் கௌர் அம்மையாருக்கு ஒரு தவறு இழைக்கப்பட்டிருக்கிறது. அவர் பெயரில், அவர் படத்துடன், சீக்கியர் கோயிலான குருத்வாராவின் சாப்பாட்டு மண்டப மூலையில் 'நினைவுச் சிறுதானிய மேசை' ஒன்று போட அதன் செயற்குழு தீர்மானித்திருக்கிறது. எங்கள் தமிழ்ச் சங்கமும் அதற்கு மேசைவிரிப்பு கொடுக்க ஒப்புக்கொண்டுவிட்டது. இது ஏன் தவறு என்று தெரியாதவர்களுக்காகவும், தெரிந்தும் தலையாட்டியவர்களுக்காகவும் எழுதுகிறேன்.

செய்தி வந்தபோது நான் லிட்கமில் ஒரு பலசரக்குக் கடையில் நின்றேன். ஞாயிற்றுக்கிழமைக்கு அவர் சொல்லிவிட்ட கம்பு மா கையில் இருந்தது. அம்மா நித்திரையிலேயே போய்விட்டார் என்று அவருடைய மகன் தொலைபேசியில் சொன்னான். மாவை நான் திருப்பி வைக்கவில்லை. வாங்கிக்கொண்டுதான் டூங்கபியில் இருக்கிற என் வீட்டுக்குத் திரும்பினேன்.

நாங்கள் இருவரும் செவன் ஹில்ஸில் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் பக்கத்துப் பக்கத்தில் நின்று வருடக்கணக்கில் வேலை செய்தோம். அங்கிருந்த யாழ்ப்பாணப் பெண்களிடம் அவர் பிடித்துக்கொண்ட தமிழ் மூன்று சொற்கள்: அண்ணை, வாறன், காணும். மற்றதெல்லாம் வேலையில் பழகிய ஆங்கிலம். அதை இங்கே தமிழில் தருகிறேன். மதிய இடைவேளையில் அவர் கம்பு ரொட்டியைப் பிரித்தால் எங்கள் ஆட்களே, "பாவம், குருவித் தீனைச் சுட்டுக்கொண்டு வாறா" என்று சிரிப்பார்கள். நாங்கள் குடிவந்த இந்த நாட்டில் சிறுதானியம் முதலில் கண்ணில் படுவது பறவைத் தீன் பையில்தானே. நான் சிரிக்கவில்லை. ஆனால் ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை.

அவருடைய கணவருக்குச் சலரோகத்தால், அதாவது நீரிழிவால், ஒரு கால் போனது. "அதுக்குப் பிறகு லங்கரில பரிமாறும்போது நான் முகங்களைப் பாக்கிறதில்லை அண்ணை. கால்களைத்தான் பாக்கிறன்" என்று ஒருநாள் சொன்னார். குருத்வாராவில் வருகிற எல்லாருக்கும் தரையில் வரிசையாக இருத்திப் போடுகிற சாப்பாடுதான் லங்கர். நீதிபதி வந்தாலும் நேற்றுக் கப்பலில் வந்தவன் வந்தாலும் ஒரே வரிசை, ஒரே சாப்பாடு. அந்த வரிசைக்குள் சிறுதானியத்தைக் கொண்டுவர வேண்டும் என்று ஓய்வு பெற்றதும் அவர் செயற்குழுவுக்குப் போனார். செயலாளர் நல்ல உடம்புக்காரர். "பீபீஜி, என் வீட்டுக் கிளி தின்கிறதைச் சபைக்குப் போடச் சொல்றீங்களா?" என்று கேட்டார். "உங்கள் கிளிக்கு மூச்சு வாங்கி நான் பாத்ததில்லை. உங்களுக்குப் பாத்திருக்கிறன்" என்றார் இவர். அனுமதி கிடைத்தது.

முதல் ஞாயிறு படுதோல்வி. கோதுமை மாவைப் போலவே கம்பு மாவையும் விடியவே மொத்தமாகப் பிசைந்து வைத்துவிட்டார்கள். பிறகு அதை ரொட்டி மெஷினுக்குள் விட்டார்கள். கம்பு அதற்கெல்லாம் இணங்காது. மறுபக்கம் தூளாக வந்து கொட்டியது. லங்கரில் ரொட்டியை இரண்டு கைகளையும் நீட்டித்தான் வாங்குவார்கள். அன்றைக்கு நீட்டிய கைகளில் துண்டுகள் விழுந்தன. முழுக் கூடையையும் பல்பீர் கௌரே சுமந்து, ஒருவர் விடாமல் துண்டுகளைப் போட்டுக்கொண்டு போனார். முகத்தில் ஒரு வெட்கமும் இல்லை.

அடுத்த கிழமை செயற்குழு ஒரு சமரசம் கண்டுபிடித்தது. வரிசையில் வழக்கமான சாப்பாடு. சிறுதானியத்துக்கு மூலையில் ஒரு மேசை. 'சலரோகம் உள்ளவர்களுக்கு' என்று மூன்று மொழியில் ஒரு பலகை. தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதியது நான்தான். நான் பள்ளிக்கூடம் அதிகம் போகாதவன், என் கையெழுத்தை யாரும் கேட்டால் பெருமைப்படுகிறவன். இரண்டு ஞாயிறு அவர் என்னோடு பேசவில்லை. மூன்றாம் ஞாயிறு குசினி அடுப்படியில் பக்கத்தில் வந்து நின்றார்.

"அண்ணை, அந்த மேசையில ஆர் சாப்பிடுகினம்?"

"சலரோக வருத்தக்காரர்."

"வருத்தம் வரப்போறவன்?"

"அவன் வரிசையில."

"அவனுக்காகத்தானே நான் கேட்டனான். குருவின் வீட்டில நோயாளிக்கெண்டு ஒரு வரிசை இல்லை."

நான் பிழைவிட்டேன் என்று இலகுவில் சொல்கிறவன் இல்லை. அன்றைக்கும் சொல்லவில்லை. "ரொட்டியை விடுங்கோ. சாமையைச் சோறாக்குவம்" என்று மட்டும் சொன்னேன். முதலில் அரிசியோடு கலந்து, சொல்லாமல் போடுவோம் என்பது என் யோசனை. "மறைச்சுப் போட்டால் அது லங்கர் இல்லை" என்று அதையும் மறுத்தார். வாசலில் அறிவித்தார்கள், முழுச் சாமையே வைத்தார்கள், பருப்பை மேலே ஊற்றினார்கள். செயலாளர் இரண்டாம் தரம் தட்டை நீட்டினார். "கிளிக்கும் கொஞ்சம் கட்டித் தரட்டா?" என்று கேட்டுக்கொண்டே பல்பீர் கௌர் போட்டார். செயலாளர்தான் முதலில் சிரித்தார். அவரே மேசையை மடித்தார்.

கம்பு ரொட்டியையும் அவர் விடவில்லை. ஆறு பெண்கள், கொதிநீர், ஒரு பிடி மா, உடனே தட்டி உடனே சுடுவது. ஆளுக்கு ஒன்றுதான். மாதத்தின் முதல் ஞாயிறு தோறும் எல்லாரும் அதைத் தரையில் இருந்து சாப்பிட்டோம். அவர் ஆசைப்பட்டது அவர் கண் முன்னே நடந்தது. அந்த நிறைவோடுதான் போனார். ஆகவே நான் அழுது எழுதவில்லை.

மேசையைப் பற்றிக் கேட்கச் சங்கத் தலைவருக்கு அழைத்தேன். "அங்கிள், மரியாதைக்குத்தானே வைக்கிறம்" என்றார். "ஓம் தம்பி, மரியாதையா மூலையில வைக்கிறியள்" என்றேன்.

அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது ஒரு பழக்கம்: வரிசை உட்காரும் வரை மாவில் தண்ணீர் படக்கூடாது. பிசைபவர் காத்திருக்க வேண்டும், சாப்பிடுபவர் அல்ல. அதை என் கை படித்துவிட்டது. மற்றது நீங்கள் செய்ய வேண்டியது.

செயற்குழு தீர்மானத்தைத் திரும்பப் பெற வேண்டும். செயலாளர் முன்பு செய்ததை இன்னொரு முறை செய்தால் போதும். தமிழ்ச் சங்கம் விரிப்பை விட்டுவிட்டு, சனிக்கிழமை சாமையில் கல் பொறுக்க நாலு பேரை அனுப்ப வேண்டும். அவருடைய மகன் படத்தை வீட்டில் மாட்டிவிட்டு ஞாயிறு காலை அடுப்படிக்கு வர வேண்டும். அவனுக்கு ரொட்டி தட்டத் தெரியும். அது எனக்குத் தெரியாது என்று நினைக்கிறான். மா என்னிடம் இருக்கிறது, நான் கொண்டுவருவேன். சுகமாக இருக்கிறோம் என்று நினைக்கிற மற்ற எல்லாரும் வந்து வரிசையில் உட்கார வேண்டும். முழங்கால் நோ உள்ளவர்களுக்குக் கதிரை உண்டு. சாப்பாடு ஒன்றுதான்.