தண்ணீர் குடிக்காத பெண்கள்

ஆறு வருடங்களுக்கு முன்பு, குளச்சலுக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரை ஊரின் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான் நர்ஸாக வேலைக்குச் சேர்ந்தேன். என் சொந்த ஊர் வயலும் வாழைத்தோட்டமுமான பக்கம். மீன் சாப்பிடத் தெரியும். அது கடற்கரையிலிருந்து எங்கள் ஊர் வரை எப்படி வருகிறது என்று யோசித்ததில்லை.

சேர்ந்த சில மாதங்களிலேயே ஒன்றைக் கவனித்தேன். நீர்க்கடுப்பு, அடிவயிற்று வலி, குளிர்காய்ச்சல் என்று வருகிற பெண்கள் பெரும்பாலும் சந்தைக்கு மீன் கொண்டுபோய் விற்கிறவர்கள். மாத்திரை கொடுப்போம், சரியாகும். இரண்டு மாதத்தில் அதே பெண் அதே வலியோடு வந்து நிற்பாள். "நிறைய தண்ணி குடிங்க" என்று ஒவ்வொருவரிடமும் சொல்வேன். "சரி சிஸ்டர்" என்று தலையாட்டிவிட்டுப் போவார்கள்.

அவர்களில் ஒரு அக்கா இருந்தார். ஐம்பது வயதிருக்கும். கணவர் படகு விபத்தில் இறந்த பிறகு, மீன் விற்றே இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்தவர். அந்த வருடம் நான்காவது முறையாக அவர் வந்தபோது எனக்குக் கோபம் வந்துவிட்டது. வரிசையில் அத்தனை பேர் நிற்கும்போதே, "தண்ணி குடிக்கக்கூட உங்களுக்கு மடியா? எத்தனை தடவை சொல்றது?" என்று கத்திவிட்டேன். அக்கா மாத்திரையை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு போய்விட்டார்.

இரண்டு வாரம் கழித்து அவரை ஆட்டோவில் தூக்கி வந்தார்கள். உடம்பு தூக்கிப் போடுகிறது. கண் சொருகிக் கிடக்கிறது. எங்கள் டாக்டரம்மா பார்த்த உடனே ஆம்புலன்ஸை வரவழைத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். கிருமி சிறுநீரகம் வரை ஏறிவிட்டதாம். இன்னும் ஒரு நாள் தள்ளியிருந்தால் கஷ்டம் என்று அங்கே சொல்லியிருக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போனேன். நான் கத்தியது மனசை அறுத்துக்கொண்டே இருந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டேன்.

"நீங்க ஏசினது நல்லதுக்குத்தான் சிஸ்டர்" என்றார் அக்கா. "ஆனா வெள்ளம் குடிச்சா எங்க போறது?"

தண்ணீரைத்தான் அங்கே வெள்ளம் என்பார்கள். அவர் ஏன் அப்படிக் கேட்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. "சந்தையில கழிப்பறை இருக்குமே?" என்று கேட்டேன்.

அவ்வளவு சோர்விலும் அவருக்குச் சிரிப்பு வந்தது. "உண்டு உண்டு. ஒரு நாளு எங்கூட வந்து பாருங்க."

உடம்பு தேறி அவர் மறுபடி வியாபாரத்துக்குக் கிளம்பவே இரண்டு மாதமானது. நான் ஒரு நாள் லீவு போட்டுவிட்டு அவருடன் போனேன். விடிந்ததும் கரையில் ஏலம். அக்கா தன் அகலப் பாத்திரமான சருவம் நிறைய சாளை மீன் எடுத்தார். பிறகு மீன் பாத்திரங்களோடு பெண்களும் நெருக்கியடித்து உட்காரும் டெம்போ. சந்தை கடற்கரையிலிருந்து உள்ளே தள்ளி, வேறு பஞ்சாயத்தில் இருந்தது. நான் ஊருக்குச் சொல்லும் யோசனையை நானே கடைப்பிடித்து, கையில் கொண்டுபோன ஒரு லிட்டர் தண்ணீரையும் ஒன்பது மணிக்குள் குடித்து முடித்திருந்தேன்.

பத்து மணிக்கு முட்டிக்கொண்டு வந்தது. கழிப்பறை எங்கே என்று கேட்டேன். அக்கா கையை நீட்டிக் காட்டினார். நீலச் சாயம் அடித்த கட்டடம். கதவில் ஒரு பெண்ணின் படம். அதன்மேல் துருப்பிடித்த பூட்டு. காட்டுக்கொடி கதவு நிலை வரை ஏறியிருந்தது. மோட்டார் கெட்டுப்போய் வருடக்கணக்காகிறதாம். தண்ணீர் இல்லாததால் பூட்டிவிட்டார்களாம். முன்பு பின்பக்கம் புதர் மறைவு இருந்திருக்கிறது. இப்போது அங்கே கல்யாண மண்டபம் வந்துவிட்டது. காலை ஐந்து மணிக்கு வீட்டிலிருந்து கிளம்புகிறவர்கள் மூன்று மணிக்குத் திரும்பும் வரை அடக்கிக்கொண்டு இருக்க வேண்டியதுதான். அதற்காகத்தான் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை.

என்னால் முடியவில்லை. தெரு முனையில் இருந்த ஒரு வீட்டுக்கு அக்கா கூட்டிக்கொண்டு போனார். கதவைத் திறந்த அம்மா என்னைப் பார்த்ததும் "உள்ள வாங்க" என்றார். என் பின்னால் அக்கா நிற்பதைப் பார்த்துவிட்டு, "அவங்க வெளிய நிக்கட்டும், மீன் நாத்தம்" என்றார். நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஆனால் உள்ளே போனேன். அந்த நேரத்தில் எனக்கு வேறு வழி தெரியவில்லை. திரும்பி வந்தபோது அக்கா வெயிலில் நின்றுகொண்டிருந்தார். அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. அவரோ ஒன்றும் நடக்காதது மாதிரி, "வாருங்க, மீனு காயுது" என்று முன்னால் நடந்தார்.

மறுநாள் டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் "அந்தப் பொம்பளைங்களை உட்கார வச்சுப் பேசுவோம்" என்றார்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து கோயில் ஹாலில் கூடினோம். கிருமி எப்படிப் பரவுகிறது என்று விளக்க நான் படங்கள் தயார் செய்து கொண்டுபோயிருந்தேன். முதல் படத்தை விரிக்கும்போதே ஒருத்தி, "சிஸ்டர், அதை மடக்கி வையுங்க. எங்களுக்கு அந்தப் பூட்டு தொறக்கணும், வெள்ளம் வரணும். அதுக்கு வழி சொல்லுங்க" என்றாள். நான் மடக்கி வைத்துவிட்டேன்.

டாக்டரம்மாவின் கடிதத்தோடு, சந்தை இருக்கிற பஞ்சாயத்து அலுவலகத்துக்கு அக்காவும் நானும் சில பெண்களும் போனோம். அங்கே இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். "நீங்க யாரும் இந்த பஞ்சாயத்துல வோட்டு உள்ளவங்க இல்லயே. உங்க ஊர்ல போய்ச் சொல்லுங்க" என்றார். எங்கள் ஊரில் போய்ச் சொன்னால், சந்தை எங்கள் எல்லையில் இல்லை என்பார்கள். எனக்கு அவ்வளவுதான் என்று தோன்றியது. வெளியே வந்து டெம்போ வருகிறதா என்று பார்க்க ஆரம்பித்தேன்.

அக்கா மட்டும் நேராகச் சந்தைக்குள் நடந்தார். காய்கறி வரிசையில் முதல் ஆளாக, கேட்டுக்குப் பக்கத்தில் மரச்சீனிக்கிழங்கு விற்கும் ஒரு பெண் இருப்பார். உள்ளூர்க்காரர். மீன் தண்ணீர் காய்கறிப் பக்கம் வழிகிறது என்று அவருக்கும் அக்காவுக்கும் பெரிய சண்டை நடந்து, வருடக்கணக்கில் பேச்சுவார்த்தை இல்லை. அக்கா அவர் முன்னால் போய் நின்று, சந்தையே திரும்பிப் பார்க்கிற மாதிரிக் கேட்டார்.

"ஏட்டி, நீ ஒண்ணுக்கு எங்க போவ?"

கிழங்கு விற்கிறவர் முறைத்தார். அடித்துவிடுவாரோ என்று பயந்தேன். பிறகு மெதுவாகச் சொன்னார்: "எங்க போக? சாயங்காலம் வீட்டுக்குப் போனாத்தான். நீங்களும் அப்படித்தானா?"

"நான் அதுல செத்துப் பொழச்சு வந்திருக்கேன், தெரியுமா?" என்று அக்கா சொல்ல, அவர் தராசை ஓரமாக நகர்த்திவிட்டு அக்காவை உட்காரச் சொன்னார். இருவரும் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். இருபதடி தூரத்தில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து, இரண்டு பேரும் ஒரே அவஸ்தையை இத்தனை வருடம் அடக்கிக்கொண்டு இருந்திருக்கிறார்கள்.

அடுத்த கிராம சபைக்குக் காய்கறி வரிசைப் பெண்கள் எல்லோரும் வந்தார்கள். மீன்காரப் பெண்கள் பின்னால் நின்றார்கள். டாக்டரம்மா நோயைப் பற்றி இரண்டு நிமிடம் பேசினார். பிறகு கிழங்கு விற்கிற அக்கா எழுந்தார். மைக்கை வாங்கிக்கொண்டார். "வோட்டு இல்லாதவ கேக்கப்பிடாதுன்னு சொன்னியளாம். எனக்கு வோட்டு உண்டு. இவ்வளவு பேருக்கும் சேர்த்து நான் கேக்கேன். பூட்டத் தொறந்து வெள்ளம் விடுங்க" என்றார். மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார். கூட்டத்தில் யாரும் எதிர்க்காமல் தீர்மானம் நிறைவேறியது.

உடனே நடந்துவிடவில்லை. தீர்மானம் போட்ட பிறகும் நாலு மாதம் அலைந்தோம். புது மோட்டார் வந்தது, தொட்டி வந்தது, கதவு மாற்றினார்கள். சாவியைக் கிழங்கு விற்கிற அக்காவே வைத்துக்கொண்டார். கழுவுவதற்கு மீன் வரிசையும் காய்கறி வரிசையும் கிழமை பிரித்துக்கொண்டார்கள். அந்த வேகத்திலேயே மீன் தண்ணீர் வழிந்தோட ஒரு ஓடையும் கேட்டு வாங்கிவிட்டார்கள். இடையில் இரண்டு தடவை மோட்டார் பழுதானது. எனக்குத் தகவல் தெரிவதற்கு முன்பே அவர்கள் போய் நின்று சரிசெய்ய வைத்திருந்தார்கள்.

இப்போதும் நீர்க்கடுப்பு என்று சிலர் வருகிறார்கள். ஆனால் அதே முகம் திரும்பத் திரும்ப வருவது குறைந்துவிட்டது. எங்கள் அக்காவுக்கு மட்டும் ஒரு சிறுநீரகம் பழையபடி ஆகவில்லை. பாரம் தூக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். வாரத்தில் மூன்று நாள் மட்டும் போகிறார், சருவத்தை மகள் இறக்கிக் கொடுக்கிறாள். கொஞ்சம் முன்னதாக நான் கேட்டிருந்தால் அவருக்கு இது வந்திருக்காது என்ற எண்ணம் எனக்குப் போகவில்லை. அவரிடம் சொன்னால், பெற்ற பிள்ளையை அழைப்பது மாதிரி, "விடுங்க மக்களே" என்பார்.

இப்போது என் முன்னால் யார் வந்து உட்கார்ந்தாலும், யோசனை சொல்வதற்கு முன்னால், காலையில் எழுந்ததிலிருந்து அவர்களுடைய நாள் எப்படிப் போகிறது என்று கேட்கிறேன். வரிசை கொஞ்சம் மெதுவாகத்தான் நகர்கிறது, ஆனால் சில பேருடைய வியாதி எங்கிருந்து வருகிறது என்பதை அவர்களே எனக்குச் சொல்லிவிடுகிறார்கள்.