பிரியாணி வண்டியின் கருகல் வாடை

என் அக்கா கௌசியாவைக் கட்டிய சலீம் மச்சானுக்கு இரண்டு விஷயத்தில் தலைக்கனம் உண்டு. ஒன்று அவர் செய்யும் பிரியாணி. இன்னொன்று அவர் வண்டி ஓட்டும் அழகு. முதலாவதில் நியாயம் இருக்கிறது. இரண்டாவதைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் வாய் திறப்பதில்லை.

சங்ககிரியில் எங்கள் தெருவுக்குப் பின்னால்தான் அவருடைய அடுப்பு. கல்யாணம் எந்த ஊரில் நடந்தாலும் சமையல் இங்கேதான். மண்டபத்து அடுப்பை அவர் நம்பமாட்டார். விடியற்காலையில் தம் போட்டு, மூடியைச் சுற்றி மாவு பூசி அடைத்து, தேக்சாப் பாத்திரங்களை வேனில் ஏற்றிவிடுவார். மிச்ச தம் வழியிலேயே முடிந்துவிடும். வேன் ரொம்பப் பழசு. நாலு சக்கரத்துக்கும் ட்ரம் பிரேக். முன்னிருக்கையில் மச்சானுக்குப் பக்கத்தில் தாளிச்சா அண்டா உட்கார்ந்து வரும். செல்போன் கடை வைத்திருக்கிற நான் பின்னால் தேக்சாக்களைப் பிடித்துக்கொண்டு உட்காருவேன். அண்டாவுக்கு இருக்கிற மரியாதை மச்சினனுக்கு இல்லை.

சீரகச் சம்பா அரிசி வெந்த பிறகு குலுங்கினால் உடையும் என்பது அவர் கட்சி. அதனால் மாட்டு வண்டிக்கு வழிவிடும் வேகத்தில்தான் போவார். பின்னால் வரும் லாரிக்காரர்கள் ஹாரன் அடித்துத் திட்டிக்கொண்டே தாண்டிப் போவார்கள். "பாத்தியா முபஷிர், நம்ம ஓட்டறதப் பாத்து வயித்தெரிச்சல்" என்பார்.

ஹஜ் பெருநாள் முடிந்து கல்யாணங்கள் தொடங்கியபோது வினையும் தொடங்கியது. திருச்செங்கோட்டு மண்டப வாசலில் வண்டி நின்றதும் குப்பென்று ஒரு கருகல் வாடை. பெண்வீட்டுக்காரர் மூக்கை உறிஞ்சிவிட்டு, "ஏனுங்க பாய், அடிப்பிடிச்சிருச்சுங்களா?" என்று கேட்டார். கன்னத்தில் அறைந்திருந்தால்கூட மச்சானுக்கு அவ்வளவு வலித்திருக்காது. நாமக்கல் கல்யாணத்திலும் அதே வாடை, அதே கேள்வி. சோறு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மூக்கு ஒன்றை முடிவு செய்துவிட்டால் நாக்கு என்ன செய்யும்? அடுத்து பேசி வைத்திருந்த கல்யாணங்களில் இரண்டு கைநழுவிப் போயின. இன்னொரு வாசலில் இந்த வாடை வந்தால் அவர் அடுப்பை அணைத்துவிட வேண்டியதுதான். அது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

வாடை சக்கரத்திலிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கப் பெரிய அறிவு வேண்டியிருக்கவில்லை. சங்ககிரி லாரி ஊர்; டீக்கடையில் உட்கார்ந்திருப்பவர் எல்லாம் பாதி மெக்கானிக். ஒருவர் பேரிங் என்றார். ஒருவர் கண் திருஷ்டி என்றார். பட்டறை வைத்திருக்கும் வேலுமணி மட்டும் ஜாக்கி வைத்துத் தூக்கிப் பார்த்துவிட்டு, "பிரேக்க உட்டாலும் உள்ள இருக்கற பிரேக் ஷூ ட்ரம்ம உடாம ஒரசிக்கிட்டே வருதுங்க பாய். அந்தச் சூட்டுல லைனிங் கருகுது" என்றார்.

ஆனால் ஏன் உரசுகிறது? ஜாக்கியில் நிற்கும்போது சக்கரம் தட்டினால் தாராளமாகச் சுற்றுகிறது. ஷூவை இழுக்கிற ஸ்பிரிங்குகள் தளர்ந்திருக்கும் என்று எல்லாவற்றையும் மாற்றினார். ஹேண்ட் பிரேக் கேபிளைக் கழற்றி கிரீஸ் தடவினார். நாலு சக்கரமும் ஒன்றாகச் சூடாவதைப் பார்த்து, கோளாறு மேலேதான் என்று, பெடல் மிதியை நாலு சக்கரத்துக்கும் அனுப்புகிற மாஸ்டர் சிலிண்டரையும் பிரித்துப் போட்டார். ஒவ்வொரு தடவையும் அவரே டோல்கேட் வரை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, "தொட்டுப் பாருங்க, சில்லுன்னு இருக்குது" என்பார். மறுநாள் மச்சான் ஓட்டினால் ட்ரம்மில் தண்ணீர் தெளித்தால் ஆவி பறக்கும்.

"வண்டிக்கு உங்களக் கண்டா ஆகலீங்க பாய்" என்று வேலுமணி சிரித்தார். மச்சானுக்குச் சிரிப்பு வரவில்லை. "என்ற பேரக் கெடுக்கோணும்னே வேல செய்யறீங்களா? ஸ்பேனர் புடிக்கத் தெரியாதவனெல்லாம் பட்டற வச்சா இப்படித்தான்!" என்று டீக்கடை முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினார். வேலுமணி கையைத் துடைத்துக்கொண்டார். எனக்கே கஷ்டமாக இருந்தது.

இதற்கு முன்னாலேயே இன்னொன்று நடந்திருந்தது. டோல்கேட்டில் ஒரு லாரி டிரைவர் இறங்கி வந்து, "பாய், உங்க பிரேக் லைட்டு அணையவே மாட்டேங்குது" என்று சொன்னார். ஸ்விட்ச் கெட்டுவிட்டது, பேட்டரி வீணாகிறது என்று மச்சான் கட்டிங் பிளேயரை எடுத்து அந்த வயரையே நறுக்கிவிட்டார். வேலுமணியிடம் சொல்லவில்லை. டிரைவர் சொன்னதைக் காதில் வாங்கியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

சேந்தமங்கலத்தில் அஸாருதீன் வீட்டுக் கல்யாணம் வந்தது. லாரியும் போர்வெல் போடும் ரிக் வண்டியும் வைத்திருக்கும் பெரிய ஆள். மணப்பெண்ணின் தாய் அக்காவின் சிநேகிதி. அதனால் அக்காவும் வந்தாள். அண்டா பின்னால் என் மடிக்கு வந்தது, அக்கா முன்னால் உட்கார்ந்தாள். நாமக்கல் தாண்டியதும் அவள் குரல் கேட்டது.

"ஏங்க, அந்த எடது காலு எதுக்குங்க நடுப் பெடல் மேலயே இருக்குது?"

"கிளட்ச் போடாத நேரத்துல அது சும்மாதான கெடக்குது. இந்தப் பெருநாள்ல இருந்து இப்படித் தயாரா வச்சிக்கறேன், படக்குனு அமுக்க வேண்டியதில்ல. அரிசி ஒடையாது."

"அமுக்கிக்கிட்டே வர்ற மாதிரியில்ல தெரியுது?"

"சும்மா தொட்டுக்கிட்டு இருக்கறேன். வண்டியப் பத்தி உனக்கு என்ன தெரியும்?"

நான் எட்டிப் பார்த்தேன். காலமெல்லாம் அடுப்படியில் நின்று காய்த்துப்போன பாதம். தணலை மிதித்தாலும் உறைக்காது. அதன் கீழே டயர் செருப்பு. அவருக்குத் தொடுவதாகத் தோன்றுவது பெடலுக்கு மிதி. ஒரு கால் வண்டியை ஓட்ட, இன்னொரு கால் நிறுத்த, வேலுமணி பாவம் ஸ்பிரிங் மாற்றிக்கொண்டிருந்திருக்கிறார். எனக்குச் சிரிப்பு வந்தது. அதற்குள் வாடையும் வந்துவிட்டது, சிரிப்பு நின்றது.

அக்கா சொன்னதுமே காலை எடுத்திருக்கலாம். எடுத்தால் அவள் சொன்னது சரி என்று ஆகிவிடுமே. இன்னும் அழுத்தி வைத்துக்கொண்டார்.

மண்டப வாசலில் புகையோடு போய் நின்றோம். அஸாருதீன் முகம் சுருங்கியது. கூட வந்த பெரியவர், "ஓட்டல்ல சொல்லி வேற வரவழைச்சிரலாமா?" என்றார். மச்சான் வேனில் தாவி ஏறினார். தேக்சாவைத் திறந்து, அடியிலிருந்து ஒரு கரண்டி அள்ளிக் காட்டினார். ஒரு பருக்கை கருகவில்லை. பிறகு அஸாருதீனைச் சக்கரத்துக்குப் பக்கத்தில் கூட்டிப்போய் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றினார். சுர்ரென்றது. எல்லாருக்கும் புரிந்துவிட்டது. பிரியாணி பிழைத்தது.

"யாருங்க மெக்கானிக்?" என்று கேட்டார் அஸாருதீன்.

"சங்ககிரி வேலுமணிங்க."

"அட, நம்ம லாரியெல்லாம் அவருகிட்டத்தான் உடறோம். ஒரு வேன் பிரேக்கயே பாக்கத் தெரியலீன்னா லாரிக கதி என்னாவறது? நாளைல இருந்து வேற எடம் பாத்துக்கறேன்" என்று போனை எடுத்தார்.

மச்சான் சும்மா இருந்தால் போதும். பிரியாணிக்கும் மானம் போகவில்லை, ஓட்டுநருக்கும் மானம் போகவில்லை. மானம் போகிற வேலுமணி சங்ககிரியில் இருக்கிறார், அவருக்கு எதுவும் கேட்கப்போவதில்லை. அக்கா மட்டும் மச்சானின் இடது காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேண்டாமுங்க," என்றார் மச்சான். "அவரு மேல தப்பில்லீங்க. என்ற காலு. வழி பூரா பிரேக்கு மேலயே வச்சிக்கிட்டு வந்துட்டேன்."

மண்டபம் நிறைய லாரிக்காரர்கள். அவர்கள் சிரித்த சிரிப்பில் நிக்காஹ் ஓதுவதற்குக் கொஞ்சம் தாமதமானது. மூன்று தடவை சோறு வாங்கித் தின்றார்கள். ஒருத்தர்கூட பிரியாணியைப் பற்றிப் பேசவில்லை, காலைப் பற்றியே பேசினார்கள். எனக்கு அந்த மனிதர் மேல் முதன்முறையாக மரியாதை வந்தது.

திரும்பும்போது இடது காலை மடித்து இருக்கையில் போட்டுக்கொண்டு, கிளட்சுக்கு மட்டும் கீழே இறக்கினார். வண்டி பறந்தது. வேகத்தடையில் காலித் தேக்சா எழும்பி என் தலையில் இடித்தது. நேராக வேலுமணி பட்டறைக்குப் போய் நிறுத்தினார். டீக்கடையில் அதே கூட்டம்.

வேலுமணி பயந்துகொண்டே ட்ரம்மைத் தொட்டார். முகம் மலர்ந்தது. "நாந்தான் சொன்னனே பாய், புது ஸ்பிரிங்கு படியறதுக்கு நாளாவும்னு!"

மச்சான் டீக்கடைப் பக்கம் திரும்பி, "ஆமாங்க. வேலுமணி கைவச்சா அது வேலைங்க!" என்று அன்றைக்குக் கத்திய அதே குரலில் சொன்னார். அவருக்கென்று எடுத்து வைத்திருந்த பிரியாணித் தூக்கை நீட்டினார். குரலைத் தாழ்த்தி, "அந்தப் பிரேக் லைட்டு வயரு ஒண்ணு அந்துகெடக்குது, அதையும் சேத்து உட்ருங்க. எலி கடிச்சிருக்கும்" என்றார்.

வேலுமணி குனிந்து, சீராக நறுக்கியிருந்த வயரைப் பார்த்தார். எழுந்து, தேய்ந்து பளபளத்த நடுப் பெடலைப் பார்த்தார். கடைசியாக மச்சானின் டயர் செருப்பைப் பார்த்தார்.

"பெரிய எலியாத்தான் இருக்கோணுமுங்க பாய்" என்று சொல்லிவிட்டு வயரைச் சேர்க்க ஆரம்பித்தார்.