வெயில் காணாத விரிப்புகள்

“பிணத்துக்குப் போர்த்தின வெள்ளையைத் தோய்ச்சுத்தானாம் கலியாண மேசைக்கு விரிக்கிறவ. ரத்தத் தண்ணி ரோட்டு வரைக்கும் ஓடினதாம். யட்டவத்த ரீச்சர் சொன்னவ. அவவுக்கு வேற ஆரோ சொன்னவையாம்” என்றார் அண்ணி மீனாம்பிகை. அதே கதையை மாத்தளை பஸ் நிலையத்தில் ஒருவர் சிங்களத்தில் சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டு மொழியும் படித்ததில் கிடைத்த பலன், ஒரே கதையை இரண்டு முறை கேட்க வேண்டியிருக்கிறது.

வரும் புதன்கிழமை அண்ணியின் மகள் வாகினிக்குக் கல்யாணம். மேசை விரிப்பும் பூ அலங்காரமும், ஊர் இப்படிப் பேசும் அந்தத் துஷாராவிடம் என்று நாலு மாதத்துக்கு முன்பே பேசியாகிவிட்டது. இப்போது கண்டியிலிருந்து வேறு ஆட்களைப் பிடிக்கலாம் என்கிறார் அண்ணி. “நீர் ஒருக்காப் போய்ப் பாத்திட்டு வாரும். பன்னிரண்டு மணிக்குள்ள அவைக்கு முடிவு சொல்லோணும்” என்று, லண்டனிலிருந்து லீவில் வந்திருந்த என்னை அனுப்பினார். அந்தக் கதை கையில் ஒட்டியதுபோல, நான் எதையும் தொடுவதற்கு முன்பே கைகளைத் துடைத்துக்கொண்டு போனேன்.

துஷாரா ஒரு துணி ரோஜாவைத் தலைகீழாகப் பிடித்து ஷாம்பு தண்ணீரில் முக்கிக்கொண்டிருந்தார். மூன்று சுழற்று, ஓர் உதறு, காம்பை மேலே கட்டித் தொங்கவிடுவது. பிறகு தலைமயிர் உலர்த்தும் மெஷினில் குளிர்ந்த காற்று. சூடு பட்டால் பசை இளகி இதழ்கள் உதிர்ந்துவிடும். காய்ந்த ஒவ்வொரு துணிப் பூவையும் போன் டோர்ச் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “கல்யாண ஹோல் லைட்டுல சில ரோஸ் ஈரல் கலர்ல தெரியும் சேர். பொண்ணு மாப்பிள்ள முன்னாடி ஈரல வெக்க முடியுங்களா?”

கொழும்பு புறக்கோட்டையில் துணிக் கடைக்காரர்கள் அவருக்குத் தேநீர் கொடுக்கவே பயப்படுவார்களாம். கொடுத்த பிளேன்டியில் விரலை நனைத்து, விரிப்பின் ஓரத்தில் ஒரு சொட்டு வைத்துப் பார்ப்பார். சொட்டு முத்துப்போல உருண்டால் அந்தத் துணி வேண்டாம்; அதன்மேல் பீங்கான் வழுக்கும். ஊறி நின்றால் எடுப்பார். ‘ஏன் அக்கா புதுத் துணிய நாசமாக்குறீங்க?’ என்று கேட்டால் பதில் தயாராக இருக்கும்: “கல்யாண வூட்டுல உங்களக் கேட்டுட்டா கொட்டப் போறாங்க?”

எல்கடுவ தோட்டத்தில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்தவர். பதினேழு வயதில், வேறொருவருக்காக நாற்காலிகளுக்கு ரிப்பன் முடிச்சுப் போட ஆரம்பித்தார். இன்று நாற்பத்தொன்று. மாத்தளையின் பெரிய மண்டபங்களில் எந்த மேசை எவ்வளவு ஆடும் என்று சொல்லுவார். அண்ணிக்கு அந்தப் பதினேழு வயதுதான் ஞாபகம். “லயத்துப் பெட்டைக்கு வந்த வாழ்வு” என்று துஷாராவின் சின்ன லொறியைப் பார்த்து ஒருநாள் சொன்னார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு கல்யாணத்தில் பருப்புக் கறி கொட்டிப் பதினெட்டு விரிப்புகள் வந்தன. வாசல் குழாயடியில் போட்டுச் சவர்க்காரம் தேய்த்தார். மஞ்சள் பட்ட இடமெல்லாம் சிவந்தது. சிவந்த தண்ணீர் வடிகானில் இறங்கி ரோட்டோரமாக ஓடியது. அதே வாரம் சந்தியில் பஸ் மோதி ஒருவர் இறந்திருந்தார். ஊர் இரண்டையும் சேர்த்துத் தைத்துவிட்டது. அதற்குப் பிறகு மூன்று கல்யாண வீடுகள் துஷாராவுக்கு வேண்டாம் என்று சொல்லி அனுப்பின.

அன்றிலிருந்து அவர் விரிப்புகளை முன்வாசல் கொடியில் போடுவதில்லை. பின்னறையில் மின்விசிறிக்குக் கீழே காயப்போடுகிறார். வெயில் படாமல் மஞ்சள் போகாது. அலசி முடிந்ததும் சிவப்பு மறைகிறது. பழைய மஞ்சள் திரும்பிவந்து உட்கார்ந்துகொள்கிறது. பேச்சுக்குப் பயந்து மறைத்ததில், இல்லாத கறை இப்போது உண்மையிலேயே இருக்கிறது. அதனால் பூ வைக்கும் முறையும் மாறிவிட்டது. முன்பு உயரமான கண்ணாடிக் குவளையில் மூன்றே ஓர்கிட். இப்போது மேசை நடுவில் பரந்து படுத்திருக்கும் ரோஜாக் குவியல். “எல்லாரும் புது பெஷன்னு நெனச்சிக்கிறாங்க சேர். அடியில கறை.”

வாகினிக்கு அப்படி வைக்க அவருக்கு மனமில்லை. கறையே இல்லாத முப்பது விரிப்புகளைப் பொறுக்கி வைத்திருந்தார். இருபத்தாறு இஸ்திரி முடிந்து சுவரோரம் அடுக்கியிருந்தது.

நான் கேட்க வந்ததைக் கேட்கவில்லை. அவருக்குக் கேட்டுவிட்டது. மேலே இருந்த விரிப்பை எடுத்தார். மத்தியானத்துக்கு வைத்திருந்த பருப்பில் ஒரு கரண்டி எடுத்து அதன்மேல் ஊற்றினார். நான் “ஐயோ” என்றேன். நீலச் சவர்க்காரத்தை ஈரமாக்கி நாலு தேய்ப்பு. வெள்ளைத் துணியில், உள்ளங்கை அகலத்துக்கு, புதுக் காயம்போலச் சிவந்தது.

“பாத்தீங்களா? இதான் அந்தப் பொணத்து ரத்தம்.”

“இதை அப்பவே எல்லாருக்கும் காட்டியிருக்கலாமே?”

“யாருக்குங்க காட்டுறது?” என்று சிரித்தார். “மஞ்சள்ல சோப்பு பட்டா செவக்கும்னு தெரியாத பொம்பள மாத்தளையில இருக்காளா? எல்லாருக்கும் தெரியும் சேர். தெரிஞ்சிக்கிட்டுத்தான் பேசுறாங்க.”

எனக்கு முந்தாநாள் நினைவுக்கு வந்தது. அண்ணி பின்பக்கக் குழாயடியில் அண்ணனின் வேட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். கையெல்லாம் சிவப்பு நுரை. “மனுசனுக்குச் சாப்பிடத் தெரியாது” என்று திட்டினாரே தவிர, அந்தச் சிவப்பைப் பார்த்து ஒரு சொல் கேட்கவில்லை.

“ஒங்க அண்ணியக் கூப்பிடுங்க சேர்” என்றார் துஷாரா. “நீங்க பாத்தத சொல்லுங்க. அந்தக் கல்யாணத்துக்கு டவுனே வரும். அங்க என் துணி இல்லன்னா, ஊரு பேசுனது நெசம்னு ஆயிரும். அப்புறம் இந்த மாத்தளையில ஒரு மேசை எனக்குக் கெடைக்காது.”

மணி பதினொன்று ஐம்பது. அண்ணியின் எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு, இஸ்திரி மேசையில் வைத்தேன். அடித்து அடித்து நின்றது. அண்ணி குளியலறைக்குக்கூடப் போனைக் கொண்டுபோகிறவர். மறுபடி அழைத்தேன்.

துஷாரா போனைப் பார்க்கவில்லை. சிவந்த விரிப்பை அலசாமலே பிழிந்தார். பின்னறைக்குப் போகாமல் முன்வாசலுக்கு நடந்தார். இரண்டு மாதமாகக் காக்கை மட்டும் உட்கார்ந்த கொடியில், சிவப்பு ரோட்டைப் பார்க்கும்படி அதை விரித்துப் போட்டார். எதிர்வீட்டு ஜன்னலில் திரை அசைந்தது. ஒரு முனையில் கிளிப் மாட்டினார். மற்றக் கிளிப்பைப் பல்லில் கடித்துக்கொண்டு, சுருக்கம் இல்லாமல் துணியை இழுத்து விட்டார். உள்ளே, அண்ணி எடுக்காத போன் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது.