கொல்லன் வம்சத்தார் கூடிய ஞாயிற்றுக்கிழமை

அபுதாபியை ஒட்டிய முசஃபாவில் இரும்புக் கட்டுமானம் செய்யும் ஒரு கம்பெனியில் எனக்கு வேலை. வெளியே யார்டில் நாள் முழுக்க வெல்டிங் பொறி பறக்கும். உள்ளே, கண்ணாடிக்குப் பின்னால், ஏசியில் சளி பிடித்தபடி நாங்கள் உட்கார்ந்திருப்போம். என் பதவியின் பெயர் ஒருங்கிணைப்பாளர். யாருடைய வேலை என்று தெரியாத வேலையெல்லாம் என்னுடையது என்று அதற்கு அர்த்தம்.

அங்கே என்னை யாரும் என் பெயரால் கூப்பிட்டதில்லை. பாஸ்போர்ட் எடுக்கும்போது இனிஷியலை விரித்து எழுதச் சொன்னார்கள். விரித்தேன். குடும்பப் பெயர் என்ற இடத்தில் என் அப்பாவின் பெயர் போய் உட்கார்ந்துகொண்டது. அன்று முதல் வளைகுடாவில் நான் அப்பா பெயரால்தான் நடமாடுகிறேன். யாராவது என்னைத் திட்டும்போது, மின்வாரியத்தில் ஓய்வு பெற்றுக் கரூரில் நிம்மதியாகப் பேப்பர் படித்துக்கொண்டிருக்கும் ஒரு மனிதர் காரணமில்லாமல் திட்டு வாங்குவதுபோல் இருக்கும். என் மனைவியின் பாஸ்போர்ட்டில் அவள் அப்பா பெயர். மகளின் பாஸ்போர்ட்டில் என் பெயர். ஒருமுறை காரில் ஓமன் எல்லையைத் தாண்டும்போது அதிகாரி மூன்று பாஸ்போர்ட்டையும் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதில் யார் யாருடைய குடும்பம்?" என்று கேட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது.

எங்கள் திட்ட இயக்குநருக்கு இந்தக் குழப்பமெல்லாம் கிடையாது. அவர் இத்தாலிக்காரர். கை குலுக்கும்போதே குடும்பப் பெயரைத்தான் முதலில் சொல்வார். சொல்லிவிட்டு, எதிரில் இருப்பவர் அசந்துபோக வேண்டும் என்பதுபோல ஒரு நொடி காத்திருப்பார். அந்தப் பெயரை இங்கே எழுதவில்லை. இரும்பு என்ற சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது என்பது மட்டும் இப்போதைக்குப் போதும். அவரோ வடக்கு இத்தாலியில் ஏதோ ஒரு கோட்டையிலிருந்து பிறந்த பெயர் என்று நம்பிக்கொண்டிருந்தார்.

அவர் அறைச் சுவரில் ஒரு குலச்சின்னம் தொங்கியது. சிவப்புப் பின்னணி, ஒரு சிங்கம், ஒரு வாள். வருகிறவர்களிடம் எல்லாம், "எங்கள் வம்சத்தின் சின்னம்" என்பார். அது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். அபுதாபி மாலில், நகரும் படிக்கட்டுக்குக் கீழே அப்படி ஒரு கடை உண்டு. குடும்பப் பெயரைச் சொன்னால், கம்ப்யூட்டரில் தட்டி, சின்னத்தை அச்சடித்து, சட்டம் போட்டுத் தருவார்கள். ஒரு நாள் என் மனைவி வேடிக்கைக்காக என் அப்பாவின் பெயரைக் கொடுத்துப் பார்த்தாள். கம்ப்யூட்டர் கொஞ்சம் யோசித்துவிட்டு அவருக்கும் அதே சிங்கத்தைத் தந்தது. பின்னணி மட்டும் பச்சை.

"மாமாவுக்கு அனுப்பலாமா?" என்றாள்.

"வேணாம். வீட்டு வாசல்ல மாட்டிருவாரு" என்றேன்.

ஒரு நாள் இயக்குநர் என்னைத் தன் அறைக்கு அழைத்தார். திரையில் ஓர் உலக வரைபடம். ஒரு குடும்பப் பெயரைக் கொடுத்தால் அந்தப் பெயர்க்காரர்கள் எந்தெந்த நாட்டில் எவ்வளவு அடர்த்தியாக இருக்கிறார்கள் என்று காட்டும் இணையதளம் அது. இத்தாலி சிவந்திருந்தது. ஆனால் தென்னமெரிக்காவும் சளைக்காமல் சிவந்திருந்தது. அமெரிக்கா, ஆஸ்திரேலியா, ஆப்பிரிக்காவின் கிழக்கே கொம்புபோல் நீளும் பகுதியில் ஒரு பொட்டு. அமீரகத்திலும் மங்கலாக ஒரு புள்ளி.

"பார், எங்கள் குடும்பம் எவ்வளவு பரவியிருக்கிறது" என்றார். நான் பார்த்தேன். அவர் அமீரகப் புள்ளியில் விரலை வைத்தார். "இது நான். ஆனால் நான் மட்டும் இல்லை போலிருக்கிறது. மற்றவர்களைக் கண்டுபிடி. ஞாயிற்றுக்கிழமை மதியம் விருந்து வைக்கலாம்."

யாருடைய வேலை என்று தெரியாத வேலை. தேடினேன். வேலை தேடுகிறவர்கள் தங்களைப் பற்றி எழுதி வைக்கும் தளங்களில் பார்த்தேன், எழுதினேன், போன் செய்தேன். பலர் பதிலே போடவில்லை. குடும்பப் பெயரை வைத்து ஒருவன் போன் செய்தால் மோசடி என்று நினைப்பதுதான் இயல்பு. கடைசியில் மூன்று பேர் வருவதாகச் சொன்னார்கள். புஜைராவில் எண்ணெய்க் கிடங்குகளைச் சோதிக்கும் ஓர் அர்ஜென்டினாக்காரர். அபுதாபியில் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஜூஜிட்சு மல்யுத்தம் சொல்லித்தரும் ஒரு பிரேசில்காரர். பர் துபாயில் காபிக் கடை வைத்திருக்கும் ஒரு பெண்மணி. எங்கள் நால்வருக்கும் சேர்த்து ஒரு வாட்ஸப் குழு தொடங்கினேன். இயக்குநரையும் சேர்த்தேன். அவர் உடனே சிங்கத்தின் படத்தைக் குழுவுக்கு முகமாக வைத்தார்.

விருந்து ஓர் இத்தாலிய உணவகத்தில். சமைப்பவர் நேபாளி, பரிமாறியவர் கோட்டயத்துக்காரர். இயக்குநர் நீலக் கோட்டு போட்டுக்கொண்டு வாசலிலேயே நின்றார். முதலில் அர்ஜென்டினாக்காரர் வந்தார். கதவளவு ஆள். சிரித்தால் மேசையில் கரண்டி ஆடும். அடுத்து பிரேசில்காரர். அவர் தன் குடும்பப் பெயரைச் சொன்னபோது, இயக்குநர் இரண்டு தடவை திருப்பிக் கேட்டார். எழுத்து அதேதான், ஆனால் பிரேசிலில் பல தலைமுறை புரண்டு அது வேறு ஏதோ பழத்தின் பெயர்போல ஆகியிருந்தது.

மூன்றாவதாக ஒரு பெண்மணி வந்தார். நடுத்தர வயது, கறுத்த நெடிய உருவம், தோளில் வெள்ளைச் சால்வை. இயக்குநர் பணிவாகவே சொன்னார்: "மன்னிக்க வேண்டும், இன்று இந்த மேசை ஒரு குடும்ப விருந்துக்கு."

"தெரியும். அதற்குத்தான் வந்திருக்கிறேன்" என்றார் அவர்.

நான் குறுக்கே விழுந்து அறிமுகம் செய்தேன். எரித்ரியாவில், அஸ்மாராவில் பிறந்தவர். இயக்குநரின் முகம் ஒரு கணக்கைப் போட்டு விடை கண்டுபிடித்ததுபோல் தெளிந்தது.

"ஓ, கல்யாணத்தின் வழியாகவா?"

"இல்லை, தாத்தாவின் வழியாக."

இதை அவர் இத்தாலிய மொழியிலேயே சொன்னார். எனக்கு அந்த மொழி தெரியாது, அர்த்தம் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டதுதான். ஆனால் மற்ற இரண்டு வாரிசுகளும் என்னைப் போலவே விழித்ததைப் பார்த்து, இயக்குநரைத் தவிர அந்த மேசையில் இத்தாலிய மொழி பேசத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான் என்று புரிந்துகொண்டேன். அதன்பிறகு எல்லோருக்கும் பொதுவாக ஆங்கிலமே ஓடியது.

சூப் வந்ததும் இயக்குநர் எழுந்து சிற்றுரை ஆற்றினார். கோட்டை, வாள், சிங்கம். நம் முன்னோர்கள் உலகெங்கும் பரவி நாகரிகத்தைக் கொண்டுபோனார்கள் என்றார்.

அர்ஜென்டினாக்காரர் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே கேட்டார்: "எந்தக் கோட்டை?"

"எங்கள் வம்சத்தின்..."

"நண்பரே, நம் பெயருக்குக் கொல்லன் என்று அர்த்தம். ஒவ்வொரு ஊரிலும் ஒரு கொல்லன் இருந்தான். ஆட்களை எண்ண வந்தவர்கள் அவனவன் தொழிலையே பெயராக எழுதிக்கொண்டு போனார்கள். அதனால்தான் நாம் இத்தனை பேர் இருக்கிறோம். உங்கள் கோட்டையில் நம் ஆள் யாராவது இருந்திருந்தால், குதிரைக்கு லாடம் அடித்திருப்பார்." கரண்டி ஆடியது.

பிரேசில்காரர் தலையாட்டினார். அவருடைய கொள்ளுத்தாத்தாவின் அப்பாவை ஓர் ஏஜெண்டு கப்பலேற்றி அனுப்பினாராம். நிலம் கிடைக்கும் என்று சொன்னார்களாம். கிடைத்தது காபித் தோட்டத்துக் கூலி. தங்க ஒரு கொட்டகை, வாங்கித் தின்ன முதலாளியின் கடை, கையில் ஒப்பந்தம். "முடியும் வரை எங்கும் போக முடியாது."

எனக்கு எங்கள் யார்டு நினைவுக்கு வந்தது. விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்த வெல்டர்கள் கேம்ப்பில் உட்கார்ந்து பேசுவதும் ஏறக்குறைய இதுதான். ஏஜெண்டு ஒன்று சொன்னான், இங்கே வேறு ஒன்று. அவர்கள் நாகரிகத்தைக் கொண்டு வந்ததாக யாரும் இன்னும் சிற்றுரை ஆற்றவில்லை. கொஞ்சம் தலைமுறை போக வேண்டும்போல.

இயக்குநர் தண்ணீர் குடித்தார். பிறகு, "அது பொதுவான விளக்கம். எங்கள் கிளை வேறு" என்றார்.

எங்கள் கிளை வேறு. இந்தப் பேச்சை நான் தமிழில் எத்தனை முறை கேட்டிருக்கிறேன்! எங்களுக்குக் குடும்பப் பெயர் இல்லை, சாதியைப் பெயரில் சேர்ப்பதில்லை, அந்த விஷயத்தில் தமிழர்கள் முன்னோடிகள் என்று வெளிநாட்டுக்காரர்களிடம் நாங்கள் மார்தட்டுவது வழக்கம். பொங்கலுக்குத் தமிழர்கள் வாடகை ஹாலில் கூடுவோம். சர்க்கரைப் பொங்கலை வாயில் போட்டுக்கொண்டே புதிதாக வந்தவரிடம் ஒருவர் தொடங்குவார்: "தம்பிக்கு எந்த ஊரு?" ஊரைச் சொன்னால், "அங்க எந்தப் பக்கம்?" பக்கத்தைச் சொன்னால், "கோயிலுக்குக் கிட்டயா, தள்ளியா?" மூன்றாவது கேள்வியில் வரைபடம் முழுக்கத் தெளிவாகிவிடும். இணையதளம் எல்லாம் எங்களுக்குத் தேவையில்லை.

அர்ஜென்டினாக்காரர் என்னையும் விடவில்லை. "உங்கள் குடும்பப் பெயருக்கு என்ன அர்த்தம்?"

"அது குடும்பப் பெயர் இல்லை. என் அப்பா பெயர். என் மகளுக்கு என் பெயர்."

"அப்படியானால் ஒவ்வொரு தலைமுறையும் புதிதாகத் தொடங்குமா? பின் சொந்தக்காரர் யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?"

"அதற்கு வேறு ஏற்பாடு இருக்கிறது" என்று சொல்லிவிட்டுப் பாஸ்தாவில் குனிந்துகொண்டேன்.

அதுவரை காபிக் கடைப் பெண்மணி அதிகம் பேசவில்லை. பிரேசில்காரர்தான் கேட்டார், "உங்கள் தாத்தா எப்படி அங்கே போனார்?"

அவர் முட்கரண்டியைக் கீழே வைத்தார். "எரித்ரியா இத்தாலியின் கையில் இருந்த காலம். சாலை போட வந்த லாரிகளைப் பழுதுபார்க்கும் மெக்கானிக். என் பாட்டியோடு குடும்பம் நடத்தினார். என் அப்பா பிறந்தார். பிறகு தாத்தா ஊருக்குக் கிளம்பிவிட்டார். ஊரில் அவருக்கு ஏற்கெனவே மனைவி இருந்தது பிறகுதான் தெரிந்தது. பெயரை விட்டுப் போகவில்லை. என் அப்பா பள்ளியில் தகப்பன் பெயர் இல்லாமல் படித்தார். வளர்ந்த பிறகு கோர்ட்டுக்குப் போனார். தீர்ப்பு வரும்போது அவருக்குத் தலை நரைத்திருந்தது." மேசையைச் சுற்றி ஒருமுறை பார்த்தார். "உங்களுக்கெல்லாம் இந்தப் பெயர் பிறந்தவுடன் கிடைத்தது. வழக்குப் போட்டு வாங்கிய குடும்பம் எங்களுடையது மட்டும்தான். அர்த்தம் கொல்லன்தான் என்று அப்பாவுக்குத் தெரியும். இருந்தாலும் வாங்கினார்."

யாரும் சிரிக்கவில்லை. கோட்டயத்துக்காரர்கூடத் தட்டை எடுக்காமல் நின்றார்.

"எந்த ஊர், உங்கள் தாத்தா?" என்று கேட்டார் இயக்குநர்.

அவர் ஊரைச் சொன்னார். இயக்குநரின் கை மேசைவிரிப்பின் ஓரத்தைத் தடவிக்கொண்டே இருந்தது. அந்த ஊர் இயக்குநருடைய ஊருக்கு அடுத்த பள்ளத்தாக்கில் இருந்தது. எனக்கு அது தெரியும், அவருடைய விசா வேலைகளைப் பார்த்தவன் நான். அவரோ, "இங்கே இனிப்பு நன்றாக இருக்கும்" என்றார். இனிப்பு வருவதற்குள் பில்லையும் கேட்டுவிட்டார். அன்று மாலையே வாட்ஸப் குழுவிலிருந்து வெளியேறினார்.

வீட்டில் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "என்னங்க, அவருக்கு அந்தம்மா கறுப்பா இருக்கிறது பிரச்சனையா, கொல்லன்னு தெரிஞ்சது பிரச்சனையா?" என்று கேட்டாள்.

"பக்கத்து ஊரா இருக்கிறதுதான் பிரச்சனை" என்றேன். தூரத்துச் சொந்தம் யாருக்கும் இனிக்கும்.

குழு கலையவில்லை. மிச்சமிருந்தவர்கள் மாதத்துக்கு ஒருமுறை பர் துபாயில் அந்தப் பெண்மணியின் கடையில் கூடினார்கள். இரும்போடும் இத்தாலியோடும் சம்பந்தமில்லாத என்னையும் குழுவை ஆரம்பித்தவன் என்பதால் விடவில்லை. அவர் காபிக்கொட்டையை எங்கள் கண்முன்னே வறுத்து, புகையைக் கையால் விசிறி எங்கள் பக்கம் தள்ளுவார். என் மகளுக்கு அந்த வாசனைக்காகவே அங்கே போக வேண்டும். பிரேசில்காரர் காபியை முகர்ந்துவிட்டு, "என் முன்னோர்கள் இதைப் பறித்தே செத்தார்கள்" என்று ஒவ்வொரு தடவையும் சொல்லிவிட்டு இரண்டாவது கோப்பை கேட்பார்.

அடுத்த ஆண்டு எங்கள் திட்டம் முடிந்தது. திட்டம் முடிந்தால் திட்ட இயக்குநரும் முடிந்தார். ஒரு நாள் காலை ஆள் தேவையில்லை என்று சொல்லிவிட்டார்கள். விசா தீர்வதற்குள் வேறு வேலை வேண்டும். யார்டில் இருந்த தமிழ் ஃபோர்மேன், "என்ன சார், அவருக்கும் கலாஸா?" என்று கேட்டபோது குரலில் சந்தோஷமில்லை. வியப்பு மட்டும்தான் இருந்தது. வெள்ளைக்காரருக்கும் விசா உண்டு என்பதை அவர் அதுவரை நினைத்துப் பார்த்ததில்லை.

இயக்குநர் என் மேசைக்கு வந்தார். அதுவரை அவர் என் மேசைக்கு வந்ததில்லை. "அந்தப் புஜைராக்காரர்... நம் சொந்தக்காரர்... அவருடைய எண் இருக்கிறதா?"

கொடுத்தேன். அர்ஜென்டினாக்காரர் கோபமே படவில்லை. கிடங்கு கட்டும் ஒரு கம்பெனியில் சொல்லி வேலைக்கு ஏற்பாடு செய்துவிட்டார். "வம்சத்தில் ஒருவன் தெருவில் நிற்கலாமா?" என்று என்னிடம் போனில் சொல்லிச் சிரித்தார். இயக்குநர் புஜைராவில் எல்லோரிடமும் அவரைச் சித்தப்பா மகன் என்று அறிமுகம் செய்வதாகவும் கேள்விப்பட்டேன். அவரைக் குழுவில் மறுபடி சேர்த்தேன். ஒன்றும் நடக்காததுபோல் எல்லோருக்கும் காலை வணக்கம் போட்டார்.

அதன்பின் நடந்ததைக் காபிக் கடை அம்மா என்னிடம் சொன்னார். ஒரு சனிக்கிழமை இயக்குநர் புஜைராவிலிருந்து தனியாக வண்டியோட்டிக்கொண்டு கடைக்கு வந்தாராம். காபியைத் தொடாமல், "உங்கள் தாத்தாவின் முதல் பெயர் என்ன?" என்று கேட்டாராம். இவர் சொல்லியிருக்கிறார். இயக்குநர் அங்கேயே இருந்து ஊரில் இருக்கும் தன் வயதான அத்தைக்குப் போன் செய்து அந்தப் பெயரைச் சொல்லியிருக்கிறார். அத்தை, "உனக்கு யார் சொன்னது?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டாராம். மறுபடி அடித்தும் எடுக்கவில்லை.

"நீங்கள் என்ன செய்தீர்கள்?" என்றேன்.

"ஆறிப்போன காபியைக் கொட்டிவிட்டு வேறு ஊற்றிக் கொடுத்தேன். ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். பாவமாக இருந்தது, சொந்தக்காரர் போனை வைத்துவிடுவது மனிதருக்கு முதல் தடவை அல்லவா."

இப்போது இயக்குநர் பெரும்பாலும் சனிக்கிழமைகளில் வருகிறார். போன வாரம் நாங்கள் போயிருந்தபோது, கடைக்கு வந்த யாரோ ஒரு வாடிக்கையாளரிடம் அந்த அம்மாவைக் காட்டி, "என் உறவினர்" என்று பெருமையாகச் சொன்னார்.

கல்லாவிலிருந்து அம்மா தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "அது இன்னும் விசாரணையில் இருக்கிறது."