மேனேஜர் சாப்பிடுவதில்லை

எட்டு அறை கொண்ட அந்த விடுதியில் மரியாதையெல்லாம் நாய்க்குத்தான். மேசைக்கு அடியில் படுத்தபடி வருகிறவர் போகிறவரையெல்லாம் நோட்டம் விடுவதால் அதற்கு மேனேஜர் என்று பெயர். அதைத் தடவிக் கொடுத்த பிறகுதான் எவரும் சாவியே கேட்பார்கள். விடுதிக்காரரை யார் பார்த்தார்கள்? மனைவியை மேசையில் உட்காரவைத்துவிட்டு, அவர் விரிப்பு மாற்றுவது, குழாய் அடைப்பு எடுப்பது, பெட்டி தூக்குவது என்று மாடாய் உழைத்தார்.

போன மாதம் ஒரு மதியம், யாருடைய பெட்டியையோ தூக்கிக்கொண்டு ஏறும்போது படியிலேயே சரிந்து செத்துப்போனார். அன்றிலிருந்து நாய் அந்தப் படியை மிதிப்பதில்லை. வைத்த தட்டில் ஒரு வாய்க்கு மேல் தொடுவதுமில்லை.

நேற்று, பல வருடமாக வந்து தங்கும் மருந்து விற்பனையாளர் வந்தார். குனிந்து நாயைத் தடவியதும் கையில் எலும்பு தட்டியது.

“ஐயோ, மேனேஜருக்கு என்னக்கா ஆச்சு?” கண் கலங்கிவிட்டார்.

“அவரு செத்ததுலேருந்து சரியா சோறு தண்ணி இல்ல, தம்பி.”

“யாரு செத்தது?”

“உங்க பெட்டிய மாடிக்குத் தூக்கிட்டு வருவாரே, அவருதான்.”

“அடடா, அந்த வேலையாளா? பாவம், நல்ல மனுஷன்.” படியை அண்ணாந்து பார்த்தார். “இப்ப வேற ஆளு போட்டாச்சாக்கா?”

என் புருஷன் என்று சொல்ல வாயெடுத்தவள் வாயை மூடிக்கொண்டாள்.

“போட்டாச்சு” என்று எழுந்து வந்து பெட்டியைத் தூக்கினாள். முதல் படியில் கால் வைத்ததும், நாய் ஓடி வந்து அவள் ஆடையைக் கவ்விப் பின்னால் இழுத்தது.